முதுகில் தைத்த வெயில்

என் மனைவியின் தம்பிக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. ஒருநாள் சாய்ந்தமருது ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளங்கை அகல ரப்பர் துண்டு ஒன்றை முற்றத்து வெயிலில் விரித்து அதன் வயரை என் போனில் கொழுவினான். செத்துக் கிடந்த என் போன் கண் திறந்தது.

நான் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன மச்சான் தேடுறீங்க?"

"எங்கடா பெட்டரிய ஒளிச்சிருக்காய்? இழுபடுற சாமான்ல கரண்டா? ஆருக்குப் புளுகு விடுறாய்?"

"வெயில்ல கரண்ட் எடுக்கிற கண்ணாடித் தகட்ட முதுகுல கட்டினா, நீங்க குனிஞ்சு வலை இழுக்கக்குள்ள முறிஞ்சிரும். இது உங்களோட சேந்து இழுபடும். சட்டையில தைச்சுப் போடுங்க."

உலகத்தில் எத்தனையோ முதுகு இருக்க, சோதனைக்கு என் முதுகுதானா என்று யோசித்தேன். ஆனால் வேறு வழியில்லை. போன தடவை கடலில் எஞ்சின் நின்றபோது போனும் செத்துப்போனது. நான் கரை சேரும்வரை மனைவி மணலில் இருந்து அழுதாள். அன்றே சட்டம் போட்டாள்: போன் உயிரோடு இல்லாவிட்டால் கடலும் இல்லை. எனக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. பள்ளியில் எனக்கு நன்றாக வந்த ஒரே பாடம் இடைவேளை.

அவன் போனதும் துண்டைக் கையில் எடுத்தேன். புதுக் கயிறு வாங்கினால் நாங்கள் கடைக்காரனை நம்புவதில்லை. ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையைக் கையில் சுற்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுவை. அறாவிட்டால்தான் அது கயிறு. துண்டையும் அப்படியே இழுத்தேன். முழங்கால் தாண்டி நீண்டது. விட்டதும் பழையபடி சுருங்கியது. கீறல் இல்லை. "பரவால்ல, நல்ல சாமான்தான்" என்று மனைவியிடம் கொடுத்தேன். அவள் சட்டையின் முதுகில் தைத்தாள்.

மறுநாள் கடலில் வெயில் மண்டையைப் பிளந்தது. போனோ உச்சிக்கு முன்பே செத்தது. கள்ளப் பயல் பெட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ஏசியபடி கரைக்குத் திரும்பினேன். மனைவியும் அவள் கூப்பிட்டிருந்த தம்பியும் அங்கே நின்றார்கள். அவள் முகம் மறுபடியும் அழுது வீங்கியிருந்தது.

தம்பி என் சட்டையைக் கழற்றச் சொல்லி, துண்டை வெயிலுக்கு நேரே பிடித்தான். மேல் பூச்சில் முடி முடியாக வெடிப்புகள்.

"என்ன செஞ்சீங்க மச்சான்?"

"என்னத்தச் செய்யிற? கயிற இழுக்கிற மாதிரி இழுத்துப் பாத்த. அறுந்துபோகவே இல்லையே!"

"ரப்பர் அறாது. சுருங்கித் திரும்பி வரும். அதுக்கு மேல பூசின, கரண்ட் எடுக்கிற படலம் வெடிச்சா திரும்பி வராது. மெள்ள, ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா எத்தின தரமும் இழுக்கலாம். இப்பிடிப் பேய் இழுவை இழுத்தா?"

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க காலால மிதிப்பீங்கண்டு ஆரு கண்ட?"

அவனிடம் இன்னொரு துண்டு இருந்தது. மனைவி அதை என் கையில் தரவேயில்லை. துணியைக் கொஞ்சம் தொய்வாக விட்டுத் தானே தைத்தாள். அந்தச் சட்டையோடு போனபோது, பின்னேரம் கரையேறும்வரை போன் உயிரோடு கிடந்தது. அதனால் இன்றும் கடலுக்குப் போகிறேன்.

ஆனால் துண்டின் மேல் எனக்கிருந்த சந்தேகம் இப்போது அவளுக்கு என் மேல். விடியலில் சட்டையை நீட்டும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்க்கிறாள்.