ஒண்ணொண்ணாவும் ஒரு பொய்ச்சாட்சியும்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைக் கரண்ட் பில்லில் மட்டும்தான் பார்க்க முடியும். கடைவீதிக்கு அவர் ‘ஒண்ணொண்ணா’. “எதுவா இருந்தாலும் ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்” என்று வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. இளவயதில் ரேடியோ பழுது பார்த்தார். ரேடியோவுக்கு மவுசு போனதும் டிவிக்கு மாறினார். டிவி மெலிந்து சுவரில் ஏறிக்கொண்டதும் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தார். பொருள் மாறியதே தவிர முறை மாறவில்லை. ஒரு பாகத்தை மாற்று, போட்டுப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் ஓடினாலும் எதனால் ஓடுகிறது என்று தெரியாது. காரணம் தெரியாமல் ஓடும் இயந்திரத்தைவிடக் காரணம் தெரிந்து நிற்கும் இயந்திரமே மேல் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் எல்லோரும், எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்துகொண்டே பாதி கழன்ற பெட்டியோடு வருகிறவர்கள். அன்று காலை கடைக் கதவைத் தூக்கும்போதே வாடகை வண்டியிலிருந்து அப்படி ஒருவர் இறங்கினார். அவருடைய கூடப்பிறந்த அக்காள்தான். கம்ப்யூட்டர் பெட்டியைக் காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா ஆச்சு?”

“தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குடா வரேன்? ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பா நிக்குது, உள்ள இருந்து பீப் பீப்னு கத்துது. நான் எதையும் தொடலை.”

“தொடவே இல்லை?”

“துடைச்சேன்.”

“எதால?”

“ஈரத்துணியால. வெளிய மட்டும்டா!”

அவர் பெட்டியின் பக்கத் தகடைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். “வெளிய மட்டும் துடைச்சா, மெமரி பக்கத்துல இந்த மஞ்ச நூலு எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?”

“அது… ஒரே தூசியா இருந்துச்சு. லேசா ஒரு தடவு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காள் தலையில் அடிக்க முடியாத கோபமும் அந்த அடியில் சேர்ந்திருந்தது.

அக்காளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடை. வண்டி எண், கடைப் பலகை, கண்ணாடிக் கதவில் ஒட்டும் எழுத்து எல்லாம் அவளிடம் வெட்டி வாங்குவார்கள். எழுத்தை வரைந்து வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிற சாஃப்ட்வேர் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். அந்த மதர்போர்டின் அடையாளத்தைப் பார்த்துத்தான் அது பூட்டைத் திறக்கும். வேறு போர்டைக் கண்டால் வாயே திறக்காது. விற்ற கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அவள் இத்தனை காலம் வரைந்து சேர்த்த எழுத்து, படம், முத்திரை அத்தனையும் அந்தப் பூட்டுக்குள். போதாதற்கு ஆம்புலன்ஸ் வண்டிகள் சிலவற்றுக்கு எழுத்து ஒட்டும் வேலையை வாராது வந்த மாமணி போல அப்போதுதான் பிடித்திருந்தாள். கொடுக்கத் தவறினால் அந்த வேலை எதிர்த்தெருவில் புது இயந்திரம் போட்டிருப்பவனுக்குப் போய்விடும்.

“மெமரி போயிருந்தா வேற போட்டுக்கலாம். போர்டு போயிருந்தா…” என்று இழுத்தார்.

“அந்த ‘போயிருந்தா’வை வாயில வராம பாத்துக்கோ.”

பீப் என்பது போர்டின் அழுகை. மெமரி கைக்கு அகப்படவில்லை என்று அழுகிறது. மெமரியே செத்திருக்கலாம். மெமரி நன்றாக இருந்து, அதைப் படிக்க வேண்டிய போர்டு பழுதாகியும் இருக்கலாம். இரண்டுக்கும் அழுகை ஒன்றுதான்.

ஒண்ணொண்ணா தன் வழக்கப்படி தொடங்கினார். மின்சார வயரைப் பிடுங்கினார். மெமரியைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் அழித்துத் துடைத்தார். திரும்பப் போட்டார். பீப். பக்கத்துக் குழியில் போட்டார். பீப். குழியைத் தூரிகையால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி போட்டார். பீப்.

“ரெண்டு தட்டு தட்டேன்டா. எங்க கடைல தட்டினா சில சமயம் வரும்” என்றாள் அக்காள்.

“தட்டியும் இருக்கியா?”

அக்காள் வீதியைப் பார்த்தாள்.

கடைசியில் அவர் அலமாரியிலிருந்து சிறிய தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் பஞ்சில் படுத்திருந்தது ‘சாட்சி’. பழைய வகைக் கம்ப்யூட்டருக்கான நல்ல மெமரி அது. விற்பதற்கல்ல, சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும். இப்போது வருகிற இயந்திரங்களில் அந்த வகை பொருந்தாது. பழையது ஏதாவது வந்தால் கடைசியாகச் சாட்சியைக் கூப்பிடுவார். சாட்சியைப் போட்டதும் இயந்திரம் எழுந்தால் குற்றவாளி பழைய மெமரி. எழாவிட்டால் குற்றவாளி போர்டு. சாட்சி சொன்னபின் அந்தக் கடையில் அப்பீல் கிடையாது.

சாட்சியைப் போட்டார். பீப்.

குழி மாற்றினார். பீப்.

“போர்டுதான்க்கா” என்றார், திரைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

அக்காள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, “அப்ப எல்லாம் போச்சா?” என்றாள். பெட்டியை ஒருமுறை தடவிவிட்டு, “சரி, இங்கயே இருக்கட்டும். தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்ண?” என்று எழுந்து போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். சார்ஜர் கேட்டு வந்தவரிடம், “எந்த மாடல்னு தெரியாம சார்ஜர் கேக்கறது, அளவு தெரியாம செருப்பு கேக்கற மாதிரி” என்றார். அந்த ஆள் செருப்புக் கடைக்கே போய்விட்டாரோ என்னவோ, திரும்பி வரவில்லை.

மதியம் மனைவி சாப்பாட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடித்து, கால் வீங்கி, முகம் வாடி வந்தவள், மேசைமேல் நாத்தனாரின் பெட்டியைக் கண்டதும் நின்றாள்.

“இதுக்கும் போர்டா?”

“இதுக்கும்தான்.”

“முந்தாநாள் பாட்டு டீச்சரோடது?”

“போர்டு.”

“அதுக்கு முன்னாடி குமாஸ்தாவோடது?”

“அதுவும் போர்டுதான். பழைய மெஷினுங்க. வயசாச்சுன்னா போகாதா? என்ன, குறுக்கு விசாரணை பண்ற?”

அவள் டிபன் கேரியரைத் திறந்துகொண்டே சொன்னாள்: “வார்டுல படுத்திருக்கற எல்லாருக்கும் ஒரே டிகிரி காய்ச்சல் காட்டினா, நாங்க முதல்ல தெர்மாமீட்டரைத்தான் உதறிப் பாப்போம்.”

“சாட்சியவா சந்தேகப்படற? அது பஞ்சுல படுத்திருக்குடி. உன்னைவிட பத்திரமா வச்சிருக்கேன்.”

“அது தெரிஞ்ச கதைதானே. சாப்பிடுங்க.”

அவர் ஒரு வாய் எடுத்தார். சோற்றில் கையை வைத்தபடியே தகர டப்பாவைப் பார்த்தார். ஒவ்வொரு பாகத்தையும் ஒண்ணொண்ணாகச் சந்தேகப்படுகிறவர், ஊரையே கூண்டில் ஏற்றிய அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. கையைக் கழுவிவிட்டு டப்பாவோடு கிளம்பினார்.

சாட்சியைச் சோதிக்க, நன்றாக ஓடுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். கடைவீதியில் அப்படி இருந்தது ஜெராக்ஸ் கடையில் மட்டும்தான்.

“என்ன அண்ணே, கையில டப்பா? ஸ்வீட்டா?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“உன் மெஷினைக் கொஞ்சம் கழட்டணும்.”

“ஐயோ! ஓடற மெஷின்ண்ணே அது. ஓடறதை எதுக்குக் கழட்டணும்?”

“ஓடறதுனாலதான் கழட்டணும்.”

“இது என்ன நியாயம்? நல்லா இருக்கறவனைப் பிடிச்சு ஆபரேஷன் பண்றீங்க!”

கெஞ்சியும் மிரட்டியும் ஒருவழியாக இணங்க வைத்தார். வயரைப் பிடுங்கி, ஜெராக்ஸ்காரரின் மெமரியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, சாட்சியைப் போட்டார். சுவிட்சைத் தட்டினார்.

பீப். பீப். பீப்.

ஜெராக்ஸ்காரர் நெஞ்சில் கை வைத்தார். “கொன்னுட்டீங்களே அண்ணே!”

“கொஞ்சம் வாயை மூடு.” சாட்சியைக் கழற்றிவிட்டுப் பழைய மெமரியைப் போட்டார். இயந்திரம் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றது. ஜெராக்ஸ்காரருக்கு உயிர் வந்தது. ஒண்ணொண்ணாவுக்குப் போனது. சாட்சி எப்போதோ செத்துவிட்டிருந்தது. செத்த சாட்சியை வைத்துத்தான் மூன்று பேருக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

டப்பாவைத் தொடக்கூடிய ஆள் வேறு ஒருவன்தான். மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, பிள்ளைக்குட்டிக்காரன். போன வாரம் கடையில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் வம்பளந்துவிட்டுப் போனான். அங்கேயே நின்று போன் போட்டார்.

“டேய், டப்பால இருந்த மெமரிய எடுத்தியா?”

“எந்த டப்பா மாமா? ஓ, அந்தத் தகர டப்பாவா? சும்மா ஒரு நாளைக்குத்தான் மாமா. கேம் ரொம்ப மெதுவா ஓடுச்சு. போட்டுப் பாத்தேன், சேரலை. அப்படியே கொண்டுவந்து வச்சுட்டேனே. பஞ்சுலதான வச்சேன்?”

“சேரலைன்னா? எப்படிப் போட்ட?”

“அழுத்தினேன். உக்காரலை. ஒருவேளை தலைகீழா போடணுமோன்னு திருப்பி அழுத்தினேன்.”

“கரண்ட்டை நிறுத்தினியா?”

“ஓடிட்டு இருந்தாத்தான மாமா வேகம் கூடுச்சான்னு தெரியும்?”

ஒண்ணொண்ணா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். அதன் வழியாகக் கையை நீட்டி ஒருவனுக்கு ஒரு அறை கொடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லையே என்று நொந்துகொண்டு வைத்தார்.

சாட்சி பொய் என்பதால் அக்காளின் போர்டு நல்லது என்று ஆகிவிடாது. அதையும் பார்த்துவிட வேண்டும். ஜெராக்ஸ்காரர் தன் மெமரியைக் கடைக்கு வெளியே அனுப்ப மறுத்துவிட்டார். “உங்க குடும்பத்துல மெமரி வாழாதுண்ணே” என்றார். ஆகவே அக்காளின் பெட்டியை ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கி வந்தார். மனைவி அக்காளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கூடவே வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வர அவளுக்கு மனம் துணியவில்லை.

“நிஜமாவே வருமாடா?”

“தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது.”

சாட்சி இருந்த காலத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. நல்ல மெமரியைக் குழியில் வைத்தார். இரண்டு பக்கமும் கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்தினார். வயரைச் செருகினார். சுவிட்ச்.

ஒரே ஒரு பீப். பிறகு அமைதி. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

அக்காள் உள்ளே பாய்ந்தாள். தம்பியைப் பார்க்கக்கூட இல்லை. விசைப்பலகையை இழுத்து, சாஃப்ட்வேரைத் திறந்தாள். பூட்டு போர்டைப் பார்த்தது, அடையாளம் கண்டது, திறந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன.

“காலைல இருந்து என்னை அழ வச்சியேடா பாவி! போர்டுதான்க்கான்னு எப்படிச் சொன்ன? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!”

“சாட்சி…”

“உன் சாட்சியைத் தூக்கிக் குப்பைல போடு!”

“மத்த ரெண்டு பேருக்கும் போன் பண்ணணும்” என்றார் அவர் மனைவியிடம், மெல்லிய குரலில்.

“குமாஸ்தா புதுசு வாங்கிட்டாரு, சந்தோஷமாத்தான் இருப்பாரு. டீச்சர்தான் திட்டுவாங்க. அவங்களுக்கு முதல்ல பண்ணுங்க” என்றாள் அவள்.

டீச்சர் திட்டினார். சுருதி தப்பாமல் திட்டினார். பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று கடைசியில் சொன்னார். நாளைக்கே தானே வந்து எடுத்துக்கொள்வதாக ஒண்ணொண்ணா சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜெராக்ஸ் கடை வாசலில் கூட்டம். எல்லோர் கையிலும் பிரிண்ட் எடுக்க வேண்டிய பென்டிரைவ். ஜெராக்ஸ்காரர் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அக்கா, என் மெமரியைக் குடுங்கக்கா. என் மெஷின் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது.”

“இருப்பா, இருப்பா. முன்னாடி போற வண்டிக் கண்ணாடில நேரா தெரியற மாதிரி ஆம்புலன்ஸ் எழுத்தை இடம் வலமா திருப்பி வைக்கணும். வெட்டறதை எங்க கடைல வெட்டிக்கிறேன். அடுக்கறதையாவது இங்கயே முடிச்சுக்கிறேன்.”

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!”

ஒண்ணொண்ணா சொல்லிப் பார்த்தார். “அக்கா, ஆஃப் பண்ணு. நான் பழைய சாமான் மார்க்கெட்டுக்குப் போய் உனக்கு வேற மெமரி தேடி வாங்கிட்டு வரேன். மறுபடி போட்டா மறுபடி வரும்.”

“ஆஃப் பண்ணினா வரும்னு யார் சொன்னா? நீதான?”

மூடலாம் என்று எடுத்த பக்கத் தகடு இன்னும் அவர் கையில் இருந்தது. அதைப் பெட்டியருகே கொண்டுபோனார்.

“தொடாதே!” என்றாள் அக்காள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஜெராக்ஸ்காரரின் சாபத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, அவர் பழைய சாமான் மார்க்கெட்டுக்குப் பஸ் பிடிக்க ஓடினார்.