கழிப்பறை கேட்ட சித்ராதேவி

நல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்து சித்ராதேவி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாத்ரூம் சித்ரா என்று கேளுங்கள், பால்காரர் வண்டியை நிறுத்தி வழி காட்டுவார். ஊருக்கு நல்லது கேட்கப் போனவளுக்கு ஊர் வைத்த பெயர் அது. எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த கேட்டுக்குள் யார் போனாலும் வந்தாலும் என் கண்ணில் படாமல் போகாது. அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சித்ராதேவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தைத்து வருகிற டீ-ஷர்ட்டை விரித்துப் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே வேலை. கணவர் வேல்குமார் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி எதற்கும் பேசாத மனிதர். ஒரே மகள் மோனிஷா. சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடப் படிப்பு போனதால் பிளஸ் டூ வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். நன்றாகப் படிப்பாள். இந்தப் பெண் பரீட்சை எழுதி நர்சிங் போக வேண்டும், பனியன் கம்பெனி வாசலை மிதிக்கவே கூடாது என்பதுதான் சித்ராதேவியின் ஒரே பிடிவாதம். வேறு எதற்காகவும் அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை.

அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இருந்த கழிப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். பாதிக் கதவுகள் இல்லை. மீதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மோட்டார் எரிந்துபோய் நாளாகிவிட்டதால் தண்ணீரும் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் வாசலில் துப்பட்டாவை விரித்துப் பிடித்து நிற்பார்கள். இதற்குப் பயந்து மோனிஷா பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். நீர்க்கடுப்பு வந்தது, பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா தாயைத் திட்டினார். மாதாமாதம் அந்த நாட்களில் பள்ளிக்கே போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டாள். இவள் மட்டுமா, வகுப்பில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.

போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் சித்ராதேவி எழுந்து, "ஏனுங்க சார், பொம்பளப் புள்ளைங்க எங்கீங்க போவாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் கை தட்டி அவளையே பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். கேள்வி கேட்டவர் தலையிலேயே வேலையைக் கட்டிவிடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. பெற்றோரில் ஒருவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்குப் போனால் அரை ஷிப்ட் போய்விடும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவள் ஒதுங்கவில்லை.

தலைமையாசிரியர் மருதாசலம் நெற்றி நிறைய விபூதி வைத்த சாதுவான மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும். பள்ளியின் மூன்றாண்டு வளர்ச்சித் திட்டத்தை அவர் என் கடையில்தான் கலர் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் கட்டி வாங்கிப்போனார். தொலைநோக்கு, இலக்கு, செயல்பாடு என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டியிருந்தது. முதல் கட்டத்தில் பெண்கள் கழிப்பறை என்று போட்டு, முன்னுரிமை மிக அதிகம் என்று சிவப்பு எழுத்தில் அடித்திருந்தார். சித்ராதேவி அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மேலே அனுப்பினார்கள். அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

சரி, கொடையாளர்களைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். எங்கள் ஊரில் கொடைக்குக் குறைச்சல் இல்லை. பள்ளிக்கூடத்து மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒருவர் பெயர் இருக்கும். கரண்ட் போனால்தான் படிக்க முடியும். பெஞ்சு, நுழைவாயில் வளைவு, தண்ணீர்த் தொட்டி, சாமி படம் எல்லாவற்றிலும் இன்னார் உபயம் என்று பெயிண்டு அடித்திருக்கும். ஆனால் கழிப்பறை என்றதும் ஒவ்வொருவரும் "பாக்கலாமுங்க" என்று சிரித்து, மோர் கொடுத்து வழியனுப்பினார்கள். ராயபுரத்து நூல் கடைக்காரர் ஒருவர், மேசை நாற்காலி வேண்டுமானால் இன்றைக்கே எடுத்துப் போகச் சொன்னார்.

கடைசியில்தான் தன் முதலாளி மகுடேஸ்வரனிடம் போனாள். போகுமுன் நிறைய யோசித்திருக்கிறாள். அவருடைய அம்மா செல்லாத்தாள் இறந்து வருடம் திரும்பவிருந்தது. கம்பெனி ஆபீசில் அந்த அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் போனையே கையில் எடுப்பார். அந்த அம்மாவைச் சொல்லிக் கேட்டால் மனம் இளகும் என்று சித்ராதேவி கணக்குப் போட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

"மொதலாளிங்க, உங்க அம்மா வருஷத்துக்கு நம்ம பள்ளிக்கோடத்துக்கு ஒரு நல்லது செஞ்சு குடுங்க. பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்தீங்கன்னா, தலமொறைக்கும் அவங்களக் கும்புடுவாங்க."

அம்மா என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "செய்யறேன் அம்மிணி. எங்கம்மாளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றார். சித்ராதேவி அன்று சாயங்காலம் என் கடை வாசலில் நின்று சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மகுடேஸ்வரன் இன்ஜினியரோடு பள்ளிக்கு வந்தார். கழிப்பறைப் பக்கம் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏனம்மிணி, இந்தச் செவுத்துலயா எங்கம்மா பேர எழுதச் சொல்றீங்க? சொந்தக்காரங்க பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?"

"பேரு எழுதாட்டிப் போகுதுங்க மொதலாளி. கட்டி மட்டும் குடுங்க."

"பேரில்லாமக் குடுத்தா அது எப்படி எங்கம்மாளுக்குப் போய்ச் சேரும்?"

அந்தக் கேள்வியில் அவருக்குத் துளிகூடப் பொய் இல்லை. அம்மாவுக்குச் செய்கிற காரியம் அம்மாவின் பெயரோடு நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று நிஜமாகவே நம்புகிறவர். பள்ளிக்கு ஒரு கலையரங்கம் கட்டித் தருவதாகச் சொன்னார். தலைமையாசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பரிசளிப்பு விழாவை வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டு நடத்தி அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. அரங்கத்துக்கு இடம் எங்கே? மைதானத்தைப் பார்த்த மாதிரி, ரோட்டிலிருந்து பெயர் தெரிகிற மாதிரி இருந்த ஒரே இடம் அந்தக் கழிப்பறை நின்ற இடம்தான். எப்படியும் இடிக்க வேண்டிய கட்டடம், புதிய கழிப்பறை அடுத்த கட்டத்தில் வந்துவிடும் என்று மருதாசலம் தீர்மானம் எழுதினார்.

குழுவில் சித்ராதேவி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "மொதல்ல புதுசு கட்டுங்க சார், அப்பறம் பழச இடிங்க" என்றாள். மற்ற பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் மகுடேஸ்வரன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், இல்லாவிட்டால் அவரிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர்கள். மறுநாள் காலை செக்கிங் டேபிளுக்கு சூப்பர்வைசர் ஆத்தப்பன் வந்தார். "மொதலாளி அம்மா பேருக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்களாமா? என்னங்க இது" என்று மெதுவாகத்தான் கேட்டார். நம் பக்கத்தில் மிரட்டல்கூட மரியாதையாகத்தான் வரும். அன்று சாயங்காலம் அவள் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் கடையைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

காலாண்டு விடுமுறையில் ஜேசிபி வந்து இடித்தது. பெண்பிள்ளைகள் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சின்னப் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று மத்தியானத்துக்கு மேல் அந்தப் பள்ளியின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அரங்கம் மட்டும் கிடுகிடுவென்று எழுந்தது. கிரானைட் படி, பின்சுவரில் சரஸ்வதி, உச்சியில் ரோட்டுக்குத் தெரிய செல்லாத்தாள் நினைவுக் கலையரங்கம். மோனிஷாவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. வருகை குறைகிறது, இப்படியே போனால் சிக்கல் என்று வகுப்பாசிரியை வீட்டுக்குப் போன் செய்தார்.

தை மாதம் திறப்பு விழாவையும் பரிசளிப்பு விழாவையும் சேர்த்து நடத்தினார்கள். என் கடையிலிருந்தே எல்லாம் கேட்டது. முழு வருகைக்கான பரிசு என்று மைக்கில் பெயர்களைப் படித்தார்கள். ராஜ்கமல், தனபால், பரணி, கருப்புசாமி என்று ஒவ்வொருவராக ஏறி ஷீல்டு வாங்கினார்கள். எல்லாம் பையன்கள், ஒரு பெண்கூட இல்லை. யாருக்கும் ஏன் என்று தோன்றவில்லை. சிறப்பு விருந்தினர் மகுடேஸ்வரன் மைக்கைப் பிடித்து, "பசங்க ஒழுக்கமா வந்திருக்கறாங்க, சந்தோஷமுங்க. பொம்பளப் புள்ளைங்களும் இன்னும் கொஞ்சம் அக்கறையா வரோணும்" என்றார். கை தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து சித்ராதேவியை மேடைக்குக் கூப்பிட்டுச் சிறந்த தலைவி என்று பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் முதலாளியின் மனைவி. நல்ல பட்டுச்சேலை, காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்த களைப்பு. போர்த்திவிட்டு அவள் காதருகே குனிந்து, "ஏனுங்க, இங்க பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாராம்.

"நீங்க நின்னுட்டிருக்கற எடத்துலதானுங்க இருந்துச்சு" என்றாள் சித்ராதேவி.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டு, மாணவர் நடனம் முடிவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

மோனிஷா அன்று விழாவுக்கு வரவில்லை. சித்ராதேவி வீட்டுக்குப் போனபோது அவள் புத்தகங்களை எல்லாம் பையில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாளாம். இனிப் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"பரீட்ச கிட்ட வந்துருச்சு சாமி. பல்லக் கடிச்சுட்டு இருந்தர்லாமில்ல?"

"இத்தன நாளா அப்படித்தாம்மா இருந்தேன்."

"அப்பறம் என்ன பண்ணுவ?"

"உங்க கம்பெனிக்கே வந்தர்றேன். பதினெட்டு ஆயிருச்சில்ல, எடுத்துக்குவாங்க. ஆயுத பூஜைக்கு வந்தப்பப் பாத்தேன். டைல்ஸ் போட்டு, கொழாயத் தொறந்தா தண்ணி வருது. கதவுக்கு உள்ள தாப்பா இருக்குது. கழுவறதுக்குன்னே ஒரு அக்கா வேற இருக்குது."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தால் முதலில் பெண்கள் கழிப்பறைக் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் வராவிட்டால் ஆர்டர் நின்றுவிடும். அதனால் மகுடேஸ்வரன் அதைக் கோயில் மாதிரி வைத்திருக்கிறார். அந்தச் சுவரில் யார் பெயரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்க்க எந்த பையரும் வரப்போவதில்லை.

"ஓங்கி ஒண்ணு உடலாம்னு கைய ஓங்கிட்டனுங்க" என்று சித்ராதேவி பிறகு என்னிடம் சொன்னாள். "என்னன்னு சொல்லி அடிக்கறதுங்க? அவ கேட்டதுல என்ன தப்பு?"

திங்கட்கிழமை காலையில் அம்மாவும் மகளும் கம்பெனி வேனில் ஒன்றாக ஏறிப் போனார்கள்.