சந்தனம் இல்லாத பொட்டு

என் சித்தப்பாவுக்குப் பெண் கிடைத்ததே காரினால்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், சித்தப்பா உட்பட. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டியவர் அவர். யாரோ ஓட்டிக் களைத்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். கீழ்க்கட்டளைக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா அவருடைய வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "வண்டி சொந்தமா?" என்று மட்டும் கேட்டாராம். விஜயதசமியன்று நாங்கள் பூ வைக்கப் போவதாகப் பேச்சு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பல்லாவரத்தில் கார் கொதித்து நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் போய்விட்டது. மெக்கானிக்குகள் எல்லோரும் ஷெட்டைக் கழுவி மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்து வா என்றார்கள்.

"பஸ்ல போலாம்டா. பொண்ணு உன்னக் கட்டிக்கப் போவுதா, காரக் கட்டிக்கப் போவுதா?" என்றார் அப்பா.

"பஸ்ல போய் எறங்குனா, இன்னா மாப்ள, காரு எங்கன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

காரை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து, சித்தப்பா தானே கழற்ற உட்கார்ந்தார். பம்பை எடுக்க வேண்டுமானால் டைமிங் பெல்ட்டை முதலில் எடுக்க வேண்டும். மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது அந்தப் பெல்ட். திரும்ப மாட்டும்போது சக்கரங்கள் பழைய நிலையிலேயே நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளினாலும் இன்ஜின் உருப்படாது. அதற்கென்று இருந்த அடையாளம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. புதிதாக வைக்கப் பெயின்ட் இல்லை. அம்மாவின் குங்குமத்தைக் கொண்டுவரச் சொல்லி, எண்ணெயில் குழைத்து, சக்கரத்துக்கு ஒரு பொட்டும் அதற்கு நேராக இன்ஜினில் ஒரு பொட்டுமாக வைத்தார்.

புதுப் பம்பின் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். "படிடா" என்றார். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரு தைரியம் வந்தது.

பம்பை மாட்டியதோடு பொழுது போய்விட்டது. மறுநாள் காலை அவர் புதுப் பெல்ட் தேடிப் போயிருந்த நேரத்தில் அம்மா பூஜை வேலையைத் தொடங்கினாள். ஸ்பேனர்களையெல்லாம் கழுவிச் சாமி படத்தின் முன் அடுக்கினாள். பிறகு காருக்கு வந்தாள். திறந்து கிடந்த இன்ஜினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு ஒரு பொட்டு போதுமா? சுற்றிலும் வைத்தாள். கல்லுரலில் மாவாட்டிய கை. சக்கரம் சொன்னபடி சுழன்றது.

பெல்ட்டோடு வந்த சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணி! இதுல எது என் பொட்டு?"

"பூஜைன்னா பொட்டு வெக்க மாட்டாங்களா தம்பி? வயிறு தொறந்து கெடக்குதேன்னு பாவமா இருந்திச்சு."

"ஸ்பேனராவது குடுங்க."

"சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குப் பூ எடுத்த அப்பால தொடு."

விடிந்ததும் சித்தப்பா இன்ஜினுக்கு முன்னால் குந்தியிருந்தார். அவ்வளவு மங்களகரமான இன்ஜினை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அப்பா வெளுத்த வேட்டியில் தயாராகி, "பஸ்ஸே கதி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாமிக்கு வைத்த பூவை எடுத்துவிட்டு ஸ்பேனர்களோடு வந்த அம்மா, குனிந்து பார்த்து ஒரு பொட்டைத் தொட்டாள்.

"இது நான் வெச்சதில்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"சந்தனம் இல்லாம நான் என்னிக்குக் குங்குமம் வெச்சிருக்கேன்? என்னுது எல்லாத்துக்கும் அடியில சந்தனம் கீது பாரு. இது வெறுங் குங்குமம். யாரோ வெச்ச பொட்ட அழிக்கக் கூடாதுன்னு ஒதுங்கித்தான் தொடச்சேன்."

சந்தனம் இல்லாத பொட்டுகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. சித்தப்பா அவற்றை நேருக்கு நேர் நிறுத்திப் பெல்ட்டை மாட்டினார். கையாலேயே இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். பொட்டுகள் மறுபடி எதிரெதிரே வந்து நின்றன. சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழ்க்கட்டளையில் பெண்ணின் அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்து திருப்தியாகத் தலையாட்டினார். காபி கொண்டுவந்த பெண்ணோ சித்தப்பாவின் கையைப் பார்த்தது. நகமெல்லாம் கறுப்புக் கிரீஸ். "கைய மறைச்சுக்க சித்தப்பா" என்று நான் கிசுகிசுத்தேன். அதற்குள் பெண்ணே அவரிடம் கேட்டுவிட்டது.

"நீங்களே கழட்டி மாட்டுனீங்களா?"

"ஆமா... நானும் அண்ணியும்."

பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது இன்ஜினில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் சித்தப்பா ஸ்டீயரிங் மேலிருந்த தன் கறுத்த நகங்களைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பல்லாவரத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். "மிதிடா" என்று அப்பா அதட்டியதுகூட அவர் காதில் விழவில்லை. வண்டியில் இன்னும் ஏதோ கோளாறு, சொல்ல பயந்துகொண்டு ஓட்டுகிறார் என்று எண்ணி, வீடு வரும்வரை சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.