பதினாலாம் நம்பர்

எனக்கு விதிகள் என்றால் உயிர். பாத்திரம் கழுவுவதற்குக்கூட ஒரு ஒழுங்குமுறை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, இது வீடா ஒஃபிசா என்று கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். காப்புறுதிக் கொம்பனிகளுக்கு இருபது வருடம் மென்பொருள் எழுதியதில் ஒட்டிக்கொண்ட வியாதி.

லண்டனில் வால்தம்ஸ்டோ பக்கம் ஐந்தாறு சின்னத் தையல் பட்டறைகளின் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு காப்புறுதி நிதி நடத்துகிறார்கள். வருத்தம், ஆபரேஷன் என்று வீட்டில் நிற்பவருக்கு, சுகப்படும்வரை சம்பளத்தில் ஒரு பங்கு அதிலிருந்து கிடைக்கும். அதன் கணினி வேலையை வெளியாரிடம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், உள்ளூர் ஆட்களையே பழக்கி எடுப்போம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பழக்குவதற்கு நான். சனிக்கிழமைதோறும் விம்பிள்டனிலிருந்து இரண்டு ரயில் பிடித்து, லண்டனை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடந்து போவேன்.

மாணவர்கள் இரண்டே பேர். ஒருவர் நீண்ட காலம் பஸ் ஓட்டி, முதுகுவலியால் அதை விட்டுக் கோடிங் படித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால், வகுப்பில் நான் எவ்வளவு அதட்டினாலும் எனக்கு அவர் அண்ணைதான். மற்றவள் மதுரைக்காரி. கணவனின் வேலைக்காக இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தன் பழைய எஞ்சினியரிங் படிப்பைத் தூசி தட்டியவள். அண்ணை கேள்வி கேட்டே கொல்லுவார். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், செய்து காட்டுவாள்.

நாலாவது வாரம் நான் எழுதிய விதி ஒன்றைப் பெருமையாக எடுத்து விரித்தேன். பட்டறையில் துணி கட்டுக் கட்டாக வரும். ஒரு கட்டைத் தைத்து முடித்தவர், அதிலுள்ள சீட்டைத் தன் மெஷினில் ஸ்கேன் செய்து தன் நம்பரை அழுத்த வேண்டும். சுகமில்லை என்று கிளெயிம் போட்டவரின் நம்பரில், அதே நாட்களில் தைத்த கட்டுகள் இருந்தால் அது பொய்க் கிளெயிம். கணினியே சிவப்புக் கொடி காட்டி, ஆளுக்குக் கடிதமும் அனுப்பிவிடும். ஏமாற்றுக்காரர் தப்பவே முடியாது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

உண்மையான கிளெயிம்களில் அதை ஓடவிட்டோம். ஒன்று சிவந்தது. பதினாலாம் நம்பர்க்காரி. மணிக்கட்டில் ஆபரேஷன் என்று ஆறு வாரம் கேட்டிருந்தார். ஆனால் அவருடைய நம்பர் ஒரு நாள் தவறாமல் தைத்துக்கொண்டிருந்தது. பிடித்தோம் பார் என்று நான் கைதட்டினேன். அண்ணை தட்டவில்லை.

"கட்டுப் போட்ட கையால ஒரு மனுசி இவ்வளவு தைக்க ஏலாது. ஒருக்காப் போய்ப் பாப்பம்," என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. கணினியில் இருப்பதை நேரில் போய்ப் பார்க்க இதென்ன பெண் பார்க்கும் படலமா என்று கேட்டேன். ஆனாலும் வியாழக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் அந்தப் பெண்ணின் பட்டறைக்குப் போனோம். சீட்டு ஸ்கேன் செய்வதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம்.

பதினாலாம் மெஷின் துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை முடியும் ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மற்றப் பெண்கள், யாரும் சொல்லாமலே, ஆளுக்கொரு கட்டை எடுத்துத் தைத்தார்கள். முடிந்ததும் தங்கள் நம்பரை அல்ல, பதினாலை அழுத்தினார்கள். ஈழத்துப் பெண், வங்காளப் பெண், பல்கேரியப் பெண் என்று பேதமே இல்லை. அண்ணை பேச்சுக் கொடுத்துக் காரணத்தைக் கறந்தார். கணக்கில் ஒரு நம்பர் சில வாரம் சும்மா கிடந்தால் சூப்பர்வைசர் அந்த மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். அதனால் பிள்ளைப்பேறோ, செத்தவீடோ, ஆபரேஷனோ, போனவரின் நம்பரை மற்றவர்கள் ஓட்டுவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் திரும்பி வருகிறவருக்குப் பாரமாகிவிடும்.

என் காது சூடாகிவிட்டது. அவர்கள் செய்த உதவியை வைத்தே அவர்களுடைய தோழியைக் கள்ளி ஆக்கியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பதினாலாம் நம்பர்க்காரியே ஒரு கையில் ஆபரேஷன் கட்டும் மறு கையில் ரோல்ஸ் பெட்டியுமாக வந்து நின்றார். எல்லோருக்கும் சாப்பிடக் கொண்டுவந்தாராம். கணினி அனுப்பிய கடிதம் அவருக்குப் போயிருந்தது. மறுநாள் கமிட்டியில் விளக்கம் சொல்லாவிட்டால் நிதியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். நான் யார் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு ரோல்ஸ் தந்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் திங்கக்கிழமை வேலைக்கு வாறன் பிள்ளை. கை ஏலாட்டியும் வாறன். காசும் வேண்டாம். இவையளை மட்டும் மாட்டி விடாதேங்கோ."

தையல் ஆறாத கை அது. திங்கட்கிழமை மெஷினில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அழுகை வந்தது, ரோல்ஸைக் கடித்துச் சமாளித்தேன்.

திரும்பும் வழியில் விதியை அழித்துவிடப்போகிறேன் என்றேன். அழித்தால் உண்மையான கள்ளனை எப்படிப் பிடிப்பது என்று அண்ணை மடக்கினார். மதுரைக்காரி மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு எதையோ தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்த மெஷின்ல ஸ்கேன் பண்ணாங்கன்னும் பக்கத்துலயே பதிவாகியிருக்கு. நாமதான் பாக்கல."

பதினாலு என்ற நம்பர், தினமும் கடைசிக் கால் மணி நேரத்தில், ஒன்பது மெஷின்களில் தைத்திருந்தது. தன் சொந்த மெஷினில் ஒரு கட்டுக்கூட இல்லை. உண்மை முழுவதும் கணினிக்குள்ளேயே இருந்தது. நான் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. தலைவி முன்பு அதே பட்டறையில் மூன்றாம் நம்பரில் தைத்தவர். கண்டிப்பு என்றால் அப்படிக் கண்டிப்பு, என் விதியை முதலில் பாராட்டியதே அவர்தான். பதினாலாம் நம்பர்க்காரிக்காக நானே எழுந்து, தவறு என்னுடையது என்று சொல்லி, அவர் திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொன்னதுவரை விளக்கினேன். உதவியாக இருந்தாலும் பொய் பொய்தானே என்றார் தலைவி. அப்போது மதுரைக்காரி ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். பழைய பதிவுகளையும் அலசி, இப்படி எந்தெந்த நம்பர் எப்போது, எந்தெந்த மெஷின்களில் ஓடியது என்று எடுத்திருந்தாள். மூன்றாம் நம்பரும் இருந்தது. ஐந்து வாரம்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தகப்பன் தவறி அவர் யாழ்ப்பாணம் போயிருந்த காலம் அது. திரும்பி வந்தபோது மெஷின் அப்படியே காத்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. யார் யார் செய்தார்கள் என்று கேட்காமலே இத்தனை வருடம் இருந்துவிட்டார். இப்போது தாள் சொன்னது. பல மெஷின்கள் இருந்தன. ஆனால் ஒரு நாளும் தவறாமல் இருந்தது பதினாலாம் மெஷின்.

தலைவி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஆறு வாரக் காசையும் கொடுக்கச் சொன்னார். ஆள் திரும்பும்வரை மெஷினை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பட்டறைக்காரரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

அங்கேயே உட்கார்ந்து புது விதி எழுதுகையில், "வேறொருவர் செய்து கொடுத்தது" என்று டிக் போட ஒரு பெட்டி வைத்தோம். செய்தவரின் நம்பருக்கும் ஒரு இடம் போட நான் கை வைத்தேன். பழக்கதோஷம். தலைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உந்த நம்பர் வேண்டாம் பிள்ளை. உது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

பிறகு கைபேசியை எடுத்துப் பதினாலாம் நம்பர்க்காரியை அழைத்தார். திங்கட்கிழமை பட்டறை வாசலில் தான் கதிரை போட்டு இருக்கப்போவதாகவும், கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தால் நடக்கிறதே வேறு என்றும் அதட்டினார். அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.