தண்ணீர் வசதி உண்டு

என் அக்கா கணவர் ஒரு வீட்டு புரோக்கர். அவர் வாயில் இருட்டறைகூட ‘வெயில் படாத குளுகுளு அறை’ ஆகிவிடும். பஸ் ஸ்டாப் எப்போதும் ‘கூப்பிடு தூரம்’தான், நடந்து பார்த்தவர்களுக்குத்தான் கால்வலி தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்னதை அப்படியே நம்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது, அக்கா உட்பட.

அத்தானுக்கு மதிய நேரத்தில் ஒரு பைத்தியம் பிடித்தது. ஆய்வுக் குழு ஒன்று தொலைதூர நட்சத்திரங்களின் ஒளி வரைபடங்களை இணையத்தில் போட்டு, பொதுமக்களையும் பார்க்கச் சொல்லியிருந்தது. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கோள் கடந்துபோனால் வெளிச்சம் துளி மங்கும். வரைபடக் கோட்டில் சின்னப் பள்ளம் விழும். ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தான் பள்ளம் தேடினார். மனுஷன் குடியிருக்கத் தோதான கோள் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டுமாம். தொழில் புத்தி!

ஏழாவது மாதம் ஒன்று சிக்கியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எழுதி அனுப்பினார்: “அருமையான கோள். இதமான வெயில். தண்ணீர் வசதி உண்டு. உடனே குடியேறலாம்.”

“ஆதாரமில்லாத விவரங்களை ஏற்க இயலாது” என்று பதில் வந்தது.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. “பள்ளம் நிஜமாவே இருக்கு. நான் சொன்னதாலதான் பொய்யாப் போச்சு” என்றார்.

அக்கா பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். “திரும்ப எழுதுங்க. கண்ணால பாத்தத மட்டும்.”

அவர் எழுதினார், “இதமான வெயில்...”

“போய் காஞ்சு பாத்தீங்களா?” அந்த வரியை அடித்தாள்.

“தண்ணி?”

“குடிச்சீங்களா?” அதையும் அடித்தாள்.

“‘அருமையான’ன்னு ஒரே ஒரு வார்த்தையாவது விடேன்!”

“விட மாட்டேன்.”

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் மிஞ்சியது இவ்வளவுதான்: “வெளிச்சம் மூன்று முறை மங்கியது. ஒவ்வொன்றுக்கும் நடுவே நாற்பத்தொரு நாள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.” கடைசி வாக்கியத்தை எழுதும்போது அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஐந்து மாதம் கழித்து வந்த கடிதத்தை அக்காதான் சத்தமாகப் படித்தாள். “நீங்கள் சொன்னபடியே இருந்தது. பெரிய தொலைநோக்கியில் பார்த்து உறுதி செய்துவிட்டோம், அது கோள்தான். தண்ணீர் உறையாமல், ஆவியாகாமல் நிற்கக்கூடிய தூரத்தில் சுற்றுகிறது. தண்ணீர் இருக்கிறதா என்பது எங்களுக்கும் தெரியாது.”

அத்தான் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கோள், தண்ணீர் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கண் கலங்கிப்போய் அக்காவைப் பார்த்தார்.

“அந்த முதல் வரிய மட்டும் இன்னொரு தடவ படி” என்றார்.