பன்னிரண்டு எழுத்துப் பாவம்

எட்டாம் வகுப்பில் நான் ஒரு சர்வதேசக் குற்றவாளியாக இருந்தேன். மொத்தம் நான்கு நாள்.

பெரியம்மா மகன், எங்கள் தெருவிலேயே வளர்ந்த அண்ணன், காலேஜுக்குச் சென்னை கிளம்பும்போது தன் கார் ரேஸ் டிஸ்க்கை என்னிடம் கொடுத்தான். அவனிடம் ஒரு கேம் மிஷின், என்னிடம் துபாய் மாமா அனுப்பிய மிஷின்.

"வச்சுக்கடா. நான் அங்க போய் வேற டிஸ்க் வாங்கிக்கிறேன். நெட்ல சேந்து ஆடுவோம்."

தல்லாகுளத்தில் எனக்கு வேறு கூட்டாளி கிடையாது. அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் நானும் டிவியும்தான். அதிலும் டிவிதான் அதிகம் பேசும்.

நெட்டில் ஆட, டிஸ்க் பெட்டிக்குள் இருந்த சீட்டில் அச்சடித்திருந்த பன்னிரண்டு எழுத்துக் கோடு நம்பரைத் தட்ட வேண்டும். தட்டினேன். இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றது திரை. பெட்டியைத் திருப்பினால், திருட்டுப் பிரதிக்குச் சட்ட நடவடிக்கை என்று பொடி எழுத்து. எங்கள் வீடோ கோர்ட்டுக்குப் பக்கம். தெருவில் போன கறுப்புக் கோட்டெல்லாம் என்னைத் தேடியே போயின. ஒரு வக்கீல் எங்கள் கேட்டருகே நின்று மூக்குச் சிந்தியதற்கு நான் கட்டிலுக்கடியில் போய்விட்டேன். அண்ணனிடம் கேட்கலாம்தான். போலீஸ் ஒட்டுக்கேட்டு அவனையும் பிடித்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் கொட்டினேன்.

"டிஸ்க்கா? கெட்ட படமாடா?"

"இல்ல சாமி, கார் ரேஸு."

கொட்டாவியை அடக்கும் சத்தம் கேட்டது. "எங்க வாங்குனதோ அங்கயே குடுத்துரு. மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு."

பெட்டியில் பழங்காநத்தத்துக் கடை ஒன்றின் ஸ்டிக்கர் இருந்தது. பஸ் ஏறிப் போய், "அண்ணே, சரணடைய வந்திருக்கேன்" என்று டிஸ்க்கை நீட்டினேன். விஷயத்தைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போலீசெல்லாம் வராது தம்பி. ஒரு கோடு ஒரு ஆளுக்குத்தான். திருட்டைத் தடுக்கேன்னு கம்பெனிக்காரன் வச்சான். பழசு வாங்கி விக்கிற எங்க பொழப்புல மண்ணு." பெட்டியில் அண்ணன் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். "அட, இவரா! சென்னைக்குப் போறேன்னு அம்புட்டையும் விக்க வந்தாப்ல. மிஷினை எடுத்துக்கிட்டேன். கோடு போன டிஸ்க்கை எவன் வாங்குவான்? வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

ஜெயில் இல்லை என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. பழைய மிஷினை விற்றிருக்கிறான் என்றால் புதுசு வாங்கப் போகிறான், வேறென்ன? வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன்.

"அண்ணே, கடைக்காரரு எல்லாம் சொல்லிட்டாரு! புது மிஷின் எப்ப வாங்குற?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அண்ணே? கேக்குதா?"

பாவம், ஹாஸ்டலில் டவரே கிடைக்காது போல என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டு, போனை வைத்தேன்.