மந்தையோடு நடந்தவர்

என் அக்கா சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டவர் பூவராகன் மாமா. கீரப்பாளையத்துக்காரர். கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. கோணி ஊசியை எடுத்தாரென்றால் மூட்டை ஒன்றுக்கு ஆறே இழுப்பு, ஏழாவது கிடையாது. அறுபதாம் வருஷம் ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் நானும் அக்கா கூடவே வந்துவிட்டேன். கூடத்தில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன்.

மாமா அதிகம் பேச மாட்டார். கோபமும் வராது. கதவு நிலையைத் தாண்டும்போது மட்டும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, எதுவோ இடித்துவிடும் என்பதுபோல மெல்ல நுழைவார். அவர் அவ்வளவு உயரமில்லை. ஊரில் அவர்கள் வீட்டு நிலை தாழ்வாக இருந்திருக்கும், அந்தப் பழக்கம் போகவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அறுபத்திரண்டில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர் மூன்றரை மணிக்கு வந்தார். வேட்டி முழுக்க உப்பனாற்றுச் சேறு. காதுக்குள்கூடச் சேறு. அக்கா தண்ணீர் எடுத்துவந்து, எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் எருமை, சௌந்தரம்."

நேரம் தவறியதற்குத் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் என்று அக்கா நினைத்தாள். சிரித்துக்கொண்டே, "அப்படியெல்லாம் சொல்லிக்காதீங்க, வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"திட்டிக்கல. நெசமாவே அதான் நான். உங்கிட்ட சொல்லணும் சொல்லணும்னே ரெண்டு வருஷம் போயிடுச்சி."

மெஷினை நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் வேறெங்கும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். தலைக்கு இரண்டு பக்கமும் கொம்பின் கனம் எப்போதும் தெரிகிறதாம். கதவில் இடிக்கும் என்றுதான் சாய்கிறாராம். தன் கையைப் பார்த்தால், அடுத்தவன் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். வெயில் ஏற ஏற உடம்பு தண்ணீரையும் சேற்றையும் கேட்கிறது, கேட்டுக் கேட்டு இன்றைக்குத் தாங்க முடியாமல் போய் இறங்கிவிட்டேன் என்றார். கண்ணுக்கு மனுஷனாகத்தான் தெரிகிறோம் என்று அவருக்கும் தெரியும். புல்லைத் தின்னவில்லை, யாரையும் முட்டவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல மண்டிக்குப் போய் வழக்கம்போல மூட்டை தைத்தார்.

அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் விடிந்ததும் அவளுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. "எதுக்கும் ஒரு ஆரம்பம் இருக்கும் தைலா. நூல் சிக்குன்னா நுனியக் கண்டுபிடிச்சா போதும்ல" என்று என்னிடம் சொன்னாள். அந்த நுனியைத் தேடித்தான் மூன்று வருஷம் அலைந்தோம்.

முதலில் மாமாவையே கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படித் திட்டினார்களா? திட்டாத வாத்தியார் உண்டா என்றார் மாமா. நாலாம் வகுப்பு வாத்தியார் எல்லாப் பையன்களையும் எருமை எருமை என்றுதான் கூப்பிடுவாராம். மற்ற பையன்கள் அழுவார்களாம். "எனக்குப் பயமாத்தான் இருந்துச்சி. நாம யாருகிட்டயும் சொல்லலியே, இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு." அப்படியென்றால் அதற்கும் முன்னாலிருந்தே இருக்கிறது. அக்கா அந்த நுனியை விட்டாள்.

பிறகு கீரப்பாளையத்துக்கு, அவர் அம்மா விருத்தாம்பாள் அத்தையிடம் போனோம். நடவு ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோக அத்தை கிளம்பிக்கொண்டிருந்தாள். கலயத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளை பிறந்து பத்தாம் நாள் தனக்கு ஜுரம் கண்டு பால் வற்றிவிட்டது, எருமைப் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊற்றித்தான் வளர்த்தேன் என்றாள். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். ஆனால் அத்தையே தொடர்ந்தாள். சின்னவனுக்கும் அதே பால்தான். அவன் இங்கேயே மாவு மிஷின் ஓட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறான். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பாலில் வளர்ந்தவைதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பேரில்தான் கோளாறு என்றார். ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேர் பூவராகன். மிருக ரூபத்துச் சாமியின் பேர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டதாம். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது பன்னி ரூபமாச்சே. இவன் எருமைன்னுல்ல சொல்றான்" என்றாள். அவர் போய்விட்டார். அந்த வேளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

நாங்கள் கிளம்பும்போதுதான் அத்தைக்கு வெள்ளம் ஞாபகம் வந்தது. மாமாவுக்கு ஏழு வயசு இருக்கும்போது ஒரு ஐப்பசியில் வெள்ளாறு உடைத்துக்கொண்டு வந்ததாம். ஊர்ப்பிள்ளைகளெல்லாம் கோயில் மதில்மேல் ஏறிவிட்டார்கள். இவரைக் காணோம். அடுத்த நாள் மத்தியானம், ஒரு எருமையின் வாலைப் பிடித்தபடி இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்றாராம். மந்தை முழுவதும் அவரைச் சுற்றி நின்றதாம்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அழுதாள், சந்தோஷத்தில். கண்டுபிடித்துவிட்டோம் என்றாள். உயிர் போகிற நேரத்தில் எதைப் பிடித்தோமோ அது மனசில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து அதை மாமாவிடம் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். அவளைப் பார்க்கவே அவருக்குப் பாவமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மதில்தான் கிட்ட இருந்துச்சி, சௌந்தரம். எல்லாப் பசங்களும் அங்க ஓடுனாங்க. நான் எங்காளுங்க இருக்கிற பக்கம் ஓடுனேன்."

அதற்குமேல் அக்கா வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை.

கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். நல்ல மனுஷர், கேலி செய்யவில்லை. அப்பா அடிப்பாரா, சின்ன வயசில் தனியாக விட்டுவிட்டுப் போவார்களா, மண்டையில் அடிபட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மாமாவின் மூன்று வயசிலேயே அவர் அப்பா செத்துவிட்டார், அடிபடவில்லை, தனியாக இருந்ததில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை என்றார். சென்னைக்குக் கொண்டுபோனால் தலையில் கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. அக்கா மாமாவைப் பார்த்தாள். நீ சொன்னால் வருகிறேன் என்றார் அவர். அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பின்னால் பல நாள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அறுபத்தைந்து மாசியில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து மாமா மட்டும் கீரப்பாளையம் போனார். இரண்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அவர் தம்பி ஓடிவந்தார். சிதம்பரம் பக்கமிருந்து அடிமாட்டு மந்தை ஒன்று ரோட்டில் போயிருக்கிறது. எல்லாம் பால் வற்றிய கிழட்டு எருமைகள். கேரளா வரைக்கும் நடத்தியே கொண்டுபோவார்கள். தாய்க்கு மருந்து வாங்கப் போன மாமா, மருந்துச் சீசாவை ஒரு கடையில் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு அந்த மந்தையோடு போய்விட்டார்.

மண்டியில் கூட வேலை செய்த நஸ்ருதீனிடம் மட்டும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் மாமாவைவிட மூத்தவர். பூவராகனுக்கு ஜுரம் என்று முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் முதலில் ஆளைப் பாருங்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

சேத்தியாத்தோப்பில் விசாரித்தோம், ஸ்ரீமுஷ்ணத்தில் விசாரித்தோம். ராத்திரி அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை பெண்ணாடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் பஸ் நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு எருமைகள். கரும்பு வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் பார்த்தோம். நாற்பது ஐம்பது கறுத்த முதுகுகளுக்கு நடுவில் மாமாவின் வெள்ளைச் சட்டை. ஒரு நொண்டி எருமையின் விலாவில் கை வைத்தபடி, அதன் நடைக்கு நடந்துகொண்டிருந்தார்.

மந்தையை ஓட்டிவந்தவர் பேர் அந்தோணிசாமி. அக்கா அவரிடம் சண்டைக்குத்தான் போனாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கூப்பிடவில்லையம்மா என்றார். யாரோ வழிப்போக்கன் என்று நினைத்தாராம். குளத்தில் இவர் முதலில் இறங்கினால் மாடுகள் அடி வாங்காமலே பின்னால் இறங்குகின்றன. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் போகச் சொன்னாலும் போகவில்லை. "முப்பது வருஷமா ஓட்டுறேன். இந்த மாதிரி ஒரு ஆளப் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போயிடுங்க, எனக்கே என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா மாடுகளுக்கு நடுவில் புகுந்து மாமாவின் பக்கத்தில் போனாள். வீட்டுக்குப் போகலாம் வாங்க என்றாள். அம்மா உங்களைத் தேடுகிறார்கள் என்றாள். அவர் நிற்கவில்லை. ஆனால் பதில் சொன்னார்.

"இவுங்க எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும். இவுங்களுக்குத் தெரியாது. சொல்லணும்னு மூணு நாளா கூடவே வர்றேன். சொல்றதுக்கு எனக்கு வாய் இல்ல."

அக்கா அதற்கு என்ன சொல்லுவாள்? அந்த மாடுகளை வாங்க எங்களால் ஆகுமா, வாங்கினாலும் எங்கே கட்டுவது? அவரைக் கையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் வருவார், அவர் யாரையும் எதிர்த்ததில்லை. அதனாலேயே அவள் இழுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு இந்தப்பக்கம் அவளும் நடக்க ஆரம்பித்தாள். பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். புழுதி, சாண வாசனை, கொம்போடு கொம்பு உரசுகிற சத்தம். அப்படியே ஒரு ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அக்காவின் செருப்பு வார் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது. வெறுங்காலோடு நடந்தவள் ஒரு கல்லில் தடுக்கி அந்த நொண்டி எருமையின்மேலேயே சாய்ந்தாள். அது நகராமல் தாங்கிக்கொண்டு நின்றது.

மாமா குனிந்து அவள் காலைப் பார்த்தார். பாதம் கொப்பளித்து உடைந்திருந்தது. தோளில் இருந்த துண்டைக் கிழித்து இரண்டு காலிலும் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள் மந்தை எங்களைத் தாண்டிவிட்டது. நொண்டி எருமை கடைசியில் போனது. அந்தோணிசாமி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கோலை ஓங்காமல் ஓட்டிக்கொண்டு போனார். புழுதி அடங்கி ரோடு வெறுமையாகத் தெரிகிற வரைக்கும் மாமா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அப்புறம் நாங்கள் எந்தப் பக்கம் போகச் சொன்னோமோ அந்தப் பக்கம் வந்தார்.

அத்தை அந்த முறை பிழைத்துக்கொண்டாள். நஸ்ருதீன் சொன்ன ஜுரத்தை முதலாளி நம்பினார். மாமா ஊசியை எடுத்து உட்கார்ந்தார். வெளியே எதுவும் மாறவில்லை.

வீட்டுக்குள் மாறியது. அக்கா காரணம் தேடுவதை விட்டுவிட்டாள். ஒருநாள் நான் ஒரு ஜாக்கெட்டின் கை ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "பாலுதான், வெள்ளந்தான், ஏதோ ஒண்ணுதான்னு தெரிஞ்சிருந்தா மட்டும் என்னா பண்ணியிருப்போம் தைலா?" எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

மாமாவுக்கு அந்தப் பெண்ணாடத்து ரோட்டிலிருந்து பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் மண்டியில், பிறகு தெருவில், அறுபத்தெட்டு வாக்கில் என்னிடமும். அக்காவிடம் மட்டும் நாளுக்கு ரெண்டு வார்த்தை. காது கேட்கவில்லையா, கோபமா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவருக்குப் பேச்சு ஜாஸ்தி பிடிக்காது என்று அவள் சொல்லி அனுப்பிவிடுவாள். அவருக்குப் பசியா, தலைவலியா, இன்றைக்கு வேலைக்குப் போக முடியுமா என்பதையெல்லாம் மூச்சை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள். சில நாள் தவறாகக் கண்டுபிடிப்பாள். அந்த நாட்களில் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அவளும் எதிரே உட்கார்ந்திருப்பாள். சோறு ஆறிக்கொண்டிருக்கும். வெளியே துறைமுகத்துக்குப் போகிற மூட்டை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.